விட்டு விட்டு வரும் கோளாறு

அகமதாபாத்தில் விமானம் விழுந்த 2025 ஜூன் மாதம் பாளையங்கோட்டை டீக்கடைகளில் இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி 'பைலட் தப்பு' என்றது. மறு கட்சி 'சென்சார் கோளாறு, இல்லாட்டி வயரிங்' என்றது. இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து 'நிறுத்து' நிலைக்குப் போயிருப்பதாக ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஏன் போயின என்று அது சொல்லவில்லை. இரண்டு கட்சியும் அதே வரியைத் தத்தம் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டன. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. அந்தப் பேச்சில் அடிபட்ட 'கோளாறு' என்ற சொல்தான் இத்தனை நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. கோளாறு என்றால் நாம் நினைப்பது உடைந்த பொருளை. அறுந்த வயர், எரிந்த போர்டு, கையில் எடுத்துக் காட்டலாம் என்கிற மாதிரி ஏதோ ஒன்று. பெரிய விமான விபத்துகளின் அறிக்கைகளைப் புரட்டினால் வேறொரு வகையும் தென்படும். அது வந்துவிட்டுப் போய்விடுகிற கோளாறு. நம்மூர் மோட்டார் மெக்கானிக்குகள் அதை 'விட்டு விட்டு வருது' என்பார்கள்.

ஆலங்குளம், நாங்குநேரி பக்கம் கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த உரையாடல் பழக்கம். "நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி?" "நீ வந்தா ஓடுதுல்லா. நீ போன பொறவு நிக்குது." இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஸ்டார்ட்டரில் கேபிள் முனையின் லக் சரியாக முறுக்கப்படாமல் இருந்தால், மோட்டார் அரை மணி நேரம் ஓடிச் சூடேறும்போது உலோகம் விரிந்து பிடி தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும், ஒரு கட்டத்தில் ஒரு பேஸ் விட்டுப்போய் மோட்டார் நின்றுவிடும். மெக்கானிக் பைக்கில் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும். அவர் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கிறார், எரிகிறது. சுவிட்சைப் போடுகிறார், ஓடுகிறது. கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். கோளாறு எந்த நிலையில் வருமோ அந்த நிலையில் அவர் சோதிக்கவில்லை. விமானத்திலும் இதே கதைதான், சூடு மட்டும் தலைகீழ். தரையில் முப்பது டிகிரி வெயிலில் நிற்கும்போது எல்லா இணைப்பும் சரியாக இருக்கும். 35,000 அடியில் வெளிக்காற்று மைனஸ் ஐம்பதைத் தாண்டும்போது, அதிர்வும் சேர்ந்துகொள்ளும்போதுதான் அது விட்டுப்போகும்.

கடலடியில் கிடந்த கதவு

இந்த விஷயத்தில் எனக்கு எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட விபத்து ஒன்று உண்டு. 1989 பிப்ரவரி 24, பின்னிரவு. ஹோனலுலுவிலிருந்து ஆக்லாந்துக்குக் கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 811, போயிங் 747. 22,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது வலப்பக்கத்து முன் சரக்கறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. அதற்கு நேர் மேலே இருந்த தரை, இருக்கைகள், 9 பயணிகள் எல்லாம் வெளியே இழுபட்டுப் போயினர். பறந்த துண்டுகள் பட்டு வலப்பக்க எஞ்சின் இரண்டும் போயின. மீதி இரண்டை வைத்துக்கொண்டு விமானிகள் ஹோனலுலுவுக்கே திரும்பி இறக்கினார்கள். 355 பேரில் 346 பேர் பிழைத்தார்கள்.

அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. உள்ளே அடைத்த காற்று எப்போதும் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கீழ் விளிம்பில் இருக்கிற 'சி' வடிவக் கொக்கிகள் விமான உடலில் பதித்த ஊசிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கொக்கியைச் சுழற்றுவது ஒரு மின் மோட்டார். சுழன்று பிடித்த கொக்கி திரும்பிவிடக் கூடாது என்பதற்கு இரண்டு காவல் வைத்திருந்தார்கள். தரைப் பணியாளர் வெளியிலிருக்கும் கைப்பிடியை மடக்கினால் கொக்கிகளுக்குக் குறுக்கே தடுப்புத் தகடுகள் வந்து நிற்கும், இது ஒன்று. கைப்பிடி மடங்கியதும் ஒரு சுவிட்ச் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும், இது இன்னொன்று. தகடு அலுமினியம். மின்சாரம் வெட்டப்படாமல் மோட்டார் சுழன்றால் அந்தத் தகட்டை வளைத்துக்கொண்டு கொக்கி திறந்துவிடும். 1987 மார்ச்சில் லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு பான் ஆம் 747 கதவு லேசாகத் திறந்துபோய்த் திரும்பி வந்ததில் தகட்டின் பலவீனம் வெளிப்பட்டுவிட்டது. எஃகு வைத்துப் பலப்படுத்துங்கள் என்று உத்தரவும் வந்தது. செய்து முடிக்க அவகாசம் கொடுத்திருந்தார்கள். 811 விமானத்துக்கு அந்த வேலை இன்னும் நடந்திருக்கவில்லை.

1990இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை வந்தது. அப்போது கதவு கையில் இல்லை, பசிபிக்கில் கிடந்தது. பழைய பராமரிப்புக் குறிப்புகளையும் தகடுகள் முன்பே சேதமாகியிருக்கலாம் என்ற யூகத்தையும் வைத்து, கதவு கிளம்பும்போதே சரியாகப் பூட்டப்படவில்லை என்று முடிவு சொன்னார்கள். பழி பராமரிப்பின் மேலும், கைப்பிடியை மடக்கிய ஆளின் மேலும் போய் உட்கார்ந்தது. மகனைப் பறிகொடுத்த நியூசிலாந்துப் பெற்றோர் அதை ஏற்கவில்லை. ஆவணங்களைத் தேடிச் சேர்த்து, இது மின்சாரக் கோளாறு என்று விடாமல் வாதாடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக, ஏறக்குறைய 14,000 அடி ஆழத்திலிருந்து கதவை இரண்டு துண்டாக மேலே கொண்டுவந்தார்கள். தகடுகள் பூட்டிய இடத்தில்தான் இருந்திருக்கின்றன. கதவு மூடிப் பூட்டிய பிறகு கொக்கிகள் பின்பக்கமாகச் சுழன்று, அந்தத் தகடுகளை நெம்பிக்கொண்டு திறந்திருக்கின்றன. காயம் உலோகத்தில் அப்படியே இருந்தது. 1991 ஜூனில் நியூயார்க்கில் தரையில் நின்ற இன்னொரு 747இல் சுவிட்சை யாரும் தொடாமலே சரக்கறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கதவுக்குப் போகும் வயர்க்கட்டைப் பிரித்துப் பார்த்ததில் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. 1992 மார்ச்சில் வாரியம் தன் முடிவையே மாற்றி எழுதியது: கதவுக் கட்டுப்பாட்டில் பழுதான சுவிட்ச் அல்லது வயரிங்.

'சுவிட்ச் அல்லது வயரிங்.' அந்த 'அல்லது'வில்தான் நான் நின்றுபோனேன். கதவே கையில் கிடைத்த பிறகும் எந்த வயர், எந்த இடத்தில், எந்த நொடியில் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அந்தக் கோளாறு சில விநாடி வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். வளைந்த தகடு மட்டும் மிஞ்சியிராவிட்டால், கைப்பிடியை ஒழுங்காக மடக்கிவிட்டுப் போன ஒரு தொழிலாளி 9 பேரின் சாவுக்குப் பொறுப்பாளியாகவே இருந்திருப்பார். வயர் தப்பு செய்தால் தடம் மறைந்துவிடுகிறது, மனிதன் தப்பு செய்தால் பெயர் நிற்கிறது. அதனால்தான் முதல் அறிக்கையில் மனிதன் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அவசரமாக நம்பத் தோன்றுவதில்லை.

செம்பும் கரியும்

போயிங் 747-400 ஒன்றுக்குள் ஓடும் வயரின் நீளம் 274 கிலோமீட்டர். நெல்லை ஜங்ஷனில் ஒரு முனையைக் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனால் மதுரையைத் தாண்டித் திருச்சியை நெருங்கலாம். அவ்வளவு வயரையும் கனமில்லாமல் செய்ய வேண்டும் என்பதால் உறை மெல்லியதாக இருக்கும். பல விமானங்களில் பல ஆண்டுகள் போட்டது கேப்டான் என்ற பாலிமைடு உறை. கனம் குறைவு, சூடு தாங்கும். ஆனால் ஈரமும் வருடமும் சேர்ந்தால் வெடிப்பு விடும். அடுத்தடுத்து ஓடும் இரண்டு வயரில் வெடிப்பு எதிரெதிரே வந்து பொறி பறந்தால், உறை கரியாகிறது. கரி மின்சாரம் கடத்தும் பொருள். ஆக, காக்க வேண்டிய உறையே பாதையாகி, பொறி வயரோடு ஊர்ந்து பக்கத்து வயர்களையும் பிடித்துக்கொள்கிறது.

அப்படி நடந்தால் பிரேக்கர் விழுமே என்று கேட்கலாம். பழைய வகை பிரேக்கர் சூட்டை வைத்து வேலை செய்வது. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும். அதிக மின்சாரம் தொடர்ந்து ஓடிப் பட்டை சூடாகி வளைந்தால்தான் விழும். பொறி ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் அடித்து நின்று, திரும்ப அடிக்கிறது. பொறி பட்ட இடத்தில் செம்பு உருகி ஓடும், பிரேக்கருக்குள் பட்டை வெதுவெதுப்புக்கூட ஆகாது. அப்படியே விழுந்தாலும், 'ஒரு தடவை தள்ளிப் பார்' என்கிற வழக்கம் இருந்தது. நம் வீடுகளில் பீஸ் போனால் தடித்த கம்பியைப் போட்டுக் கட்டுகிற புத்திக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. விழுந்த பிரேக்கர் ஒரு செய்தி சொல்கிறது. அதைத் திரும்பத் தள்ளுகிறவர் அந்தப் பொறிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார்.

1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பிய ஸ்விஸ்ஏர் 111இல் 229 பேர் இறந்தார்கள். கிளம்பி 53 நிமிடத்தில் விமானிகளின் அறையில் ஏதோ வாசனை. அதற்குப் பிறகு இருபது நிமிடம் சொச்சத்தில் கனடாவின் கரையோரக் கடலில் விழுந்தது. அறையின் கூரைக்கு மேலே வயரில் அடித்த பொறி, குளிர் தடுக்கப் போர்த்தியிருந்த உலோகப் பூச்சுப் படலத்தில் தீயாகப் பிடித்திருக்கிறது. நான்கு ஆண்டுக்கு மேல் விசாரித்தார்கள். எடைக்கணக்கில் 98 சதவீத விமானத்தைக் கடலிலிருந்து எடுத்தார்கள். வயர்த் துண்டுகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்ததில் சுமார் 20 வயர்களில் மட்டும் முனை உருகி, திரும்ப உறைந்து, மணி மாதிரி உருண்டிருந்தது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். சாதாரணத் தீயில் வயர் உறை எரிந்து போகும், செம்பு கறுத்துப்போகும். வெட்டுப்பட்ட முனையில் மினுங்கும் உருண்டை மணி இருந்தால் அங்கே பொறி அடித்திருக்கிறது என்று பொருள். அந்த மணிகளில் ஒன்று பயணிகளுக்குப் படம் காட்டும் கருவிக்குப் போன வயரில் இருந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று கனடா விசாரணைக் குழு அப்போதும் எழுதவில்லை. வேறு வயரும் சேர்ந்திருக்கலாம் என்று வாசலைத் திறந்தே வைத்தது. அந்த அறிக்கையின் மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

வயர் கெடுவது பெரும்பாலும் அதைப் போட்ட நாளிலேயே தொடங்குகிறது. வயர்க்கட்டைப் பிடிக்கும் கிளாம்புகளுக்கு நடுவே 24 அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது. நடுவில் விரலால் லேசாக அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. வளைக்கும் இடத்தில் ஆரம், கட்டில் இருக்கிற தடித்த வயரின் குறுக்களவைப் போலப் பத்து மடங்காவது வேண்டும். கனெக்டருக்குள் நுழையும் முன் வயர் ஒருமுறை கீழே தொங்கி ஏற வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் நீர் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். நம்மூர் லைன்மேன் சர்வீஸ் வயரைச் சுவருக்குள் விடுமுன் தொங்கலாக விடுவாரே, அதே கணக்கு. இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வயர் சட்டத்தில் உரசிக்கொண்டே கிடக்கும். பக்கத்தில் யாரோ துளை போட்ட அலுமினியச் சுருள் ஒன்று கட்டுக்குள் விழுந்து, அதிர்வில் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும். ராதாபுரம், பணகுடிக் காற்றாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காற்றுக்குத் தக்கபடி தலை திரும்பத் திரும்ப, உள்ளே தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும். குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போனால் ஆலை தானே நின்று, எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுற்றை எண்ணுகிற கருவி ஒழுங்காக எண்ணாவிட்டால் கேபிள் உறை தேய்வது ஆனி ஆடிக் காற்றில்தான் தெரியவரும்.

குளவிக்கூடு

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள். மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து சுவர் மூலையில், சுவிட்ச் பெட்டியில், சாவித் துவாரத்தில், எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே அப்பிவைக்கும். 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்த்தோ பிளாட்டாவிலிருந்து கிளம்பி 189 பேரோடு கடலில் விழுந்த பிர்கென்ஏர் 301, போயிங் 757, அதற்கு முன் சுமார் 20 நாள் பறக்காமல் நின்றிருந்தது. வேகம் காட்டும் பிட்டோ குழாய் மண்குளவியால் அடைபட்டிருக்கக்கூடும் என்பது விசாரணையின் கணிப்பு. குழாய் கடலிலிருந்து கிடைக்கவில்லை, இதுவும் கணிப்பாகவே நின்றுவிட்டது.

அடைப்பு என்றால் முள் செத்துக் கிடக்கும் என்று நினைப்போம். செத்திருந்தால் தேவலை. பிட்டோ குழாயின் வாய் எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. விமான உடலின் பக்கவாட்டுத் துளைகள் சுற்றுப்புற அழுத்தத்தை வாங்குகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகமாகக் காட்டப்படுகிறது. வாயும் நீர் வடியும் துளையும் சேர்ந்து அடைபட்டால் தரையின் அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். விமானம் ஏற ஏற வெளி அழுத்தம் குறையும், வித்தியாசம் கூடும், முள் ஏறும். வேகமானி உயரமானியாகிவிடுகிறது. கேப்டனின் முள் ஓடுதளத்திலேயே வேலை செய்யவில்லை. அவர் அதைக் கவனித்தும் மேலே எழும்பினார். ஏறும்போது அது உயிர்பெற்ற மாதிரி ஏறத் தொடங்கியது, 350 நாட் (மணிக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர்) என்ற வேகத்தைத் தொட்டது, அதிவேக எச்சரிக்கை அடித்தது. அவர் பக்கத்துக் கணக்கை நம்பிய தானியங்கி (ஆட்டோபைலட்), வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. உண்மையில் விமானம் நின்றுபோகும் அளவுக்கு மெதுவாகிவிட்டது. துணை விமானியின் முன்னால் இருந்த முள் சரியான வேகத்தைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 கடலில் விழுந்து 70 பேர் போனார்கள். அங்கே குளவி இல்லை, விமானத்தைக் கழுவும்போது பக்கவாட்டுத் துளைகளுக்கு மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். பிரிஸ்பேனில் குளவித் தொல்லை என்றே பிட்டோவுக்கு உறை மாட்டுவார்கள். 2018 ஜூலையில் ஒரு மலேசியன் ஏர்லைன்ஸ் விமானம் அந்த உறையோடே கிளம்பிவிட்டது. வேகம் ஒன்றுமே காட்டாததால் விமானிகள் திரும்பிப் பத்திரமாக இறக்கினார்கள். மூன்று குழாயும் சேர்ந்து ஊமையானதால் பிழைத்தது. ஒன்று மட்டும் பொய் சொல்லியிருந்தால் எதை நம்புவது என்ற குழப்பம் முதலில் வந்திருக்கும்.

23 முறை

2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் 610 கடலில் விழுந்து 189 பேர் இறந்ததற்கு, எதிர்க்காற்றுக்கு விமானம் எந்தச் சாய்வில் போகிறது என்று அளக்கும் ஒரேயொரு கோண சென்சாரை நம்பி மூக்கைக் கீழே தள்ளிய கணினி நிரல் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த சென்சார் ஏன் அங்கே வந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. முந்தைய சில நாட்களாகக் கேப்டன் பக்கத்தில் வேகமும் உயரமும் விட்டு விட்டு மறைந்துகொண்டிருந்தன. பழைய சென்சாருக்குள் முடி மாதிரி மெல்லிய சுருள் கம்பியில் தொடர்பு விட்டு விட்டுப் போயிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, வேறொரு பட்டறையில் பழுதுபார்த்து வந்த சென்சாரை விபத்துக்கு முந்தின நாள் மாட்டினார்கள். அது 21 டிகிரி தள்ளிக் காட்டியது. பழையது சில நேரம் பேசாமல் இருந்தது, புதியது எல்லா நேரமும் நிதானமாகப் பொய் சொன்னது.

2014 டிசம்பர் 28 அன்று ஜாவாக் கடலில் விழுந்த ஏர் ஏஷியா 8501 இன்னும் நெருக்கமானது. டிவி மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பார்களே, அதுதான். சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியின் போர்டில் ஈயப் பற்று ஒன்றில் விரிசல். தரையில் வெயில், மேலே உறைபனி, ஒரு நாளைக்குப் பல தடவை. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கிப் பற்று விட்டிருக்கிறது. அந்தக் கருவியில் கோளாறு என்ற எச்சரிக்கை முந்தைய 12 மாதத்தில் 23 முறை வந்திருந்தது. தரையில் கணினியை அணைத்துப் போட்டால் சரியாக இருக்கும், புகார் மூடப்படும், சில நாளில் திரும்ப வரும். கடைசிப் பயணத்தில் நான்கு முறை வந்தது. நான்காவது முறைக்கு, பிரேக்கரை இழுத்து அணைத்ததற்கான அடையாளம் பதிவுக் கருவியில் இருந்தது. தானியங்கி விலகியது, விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது, மூக்கு ஏறி வேகம் செத்தது. 162 பேர். இதில் பைலட்டா சென்சாரா என்று கேட்டால் நான் அந்த 23 பதிவுகளைத்தான் காட்டுவேன். 2009 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் தவறாக மைனஸ் 8 அடி காட்டிய உயரமானியால் விழுந்த துருக்கி விமானத்திலும், அதற்கு முந்தைய 8 தரையிறக்கத்தில் 2 முறை அதே கோளாறு வந்து போயிருந்தது.

இப்படிப்பட்ட கோளாறைப் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. கனெக்டரைக் கழற்றிப் பின்களில் கறுப்புப் பொடி படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அதிர்வில் உரசிய உலோகம் அப்படித்தான் பொடியாகும். மீட்டரை மாட்டிக்கொண்டு வயர்க்கட்டைக் கிளாம்புக்குக் கிளாம்பு மெல்ல அசைத்துப் பார்க்கலாம். போர்டைக் குளிரூட்டிவிட்டுச் சோதிக்கலாம். வயருக்குள் ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து எத்தனையாவது அடியில் விட்டுப்போகிறது என்று கணக்கிடும் கருவியும் இருக்கிறது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். விமானம் முக்கால் மணியில் திரும்பக் கிளம்ப வேண்டும் என்று நிற்கிறவர்களிடம் அந்த நேரம் இல்லை. எங்கே தேடுவது என்று தெரிந்தால் தேடும் நேரம் பாதியாகும். அதற்குப் பதிவேட்டில் 'எச்சரிக்கை வந்தது' என்ற இரண்டு சொல் போதாது. இப்படி எழுதியிருந்தால் தரையில் நிற்கிற மெக்கானிக் போர்டைக் குளிரவைத்துப் பார்த்திருப்பார்: "ஏறும்போது, 24,000 அடி, வெளியே மைனஸ் 30, மேகத்துக்குள் குலுங்கிய நேரம், 3 விநாடி வந்து மறைந்தது, இந்த வாரத்தில் நான்காவது முறை."